ஒரு கதவுக்கு மட்டும் காற்று

“இந்தக் கம்ப்ரசர் சைக்கிள் டியூபுக்குக் காத்தடிக்கத்தான் லாயக்கு, கொழுந்தியா!”

கார் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் அவளுடைய அக்கா புருஷன். பெயிண்ட் ஷெட் முதலாளி. ஊரில் பாதிக் கார்கள் அவர் கையால் குளித்தவை. அந்தத் திமிர் மீசையிலேயே தெரிந்தது.

“ஒரு கதவுக்குப் போதும், அத்தான். பெயிண்ட் அடிப்பேன், டேங்க்ல காத்து நிரம்புற வரைக்கும் நிப்பேன், அடுத்த கதவு.”

“திட்டுத் திட்டாத் தெரியுமே.”

“மினுமினுக்கிற மெட்டாலிக்னா தெரியும். இது சாதா மஞ்சள்.”

நாளைக் காலை பத்து மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டிச் சோதனை. ஓட்டுநர் பயிற்சி வண்டி மஞ்சளாக இருந்தே தீரவேண்டும். தவறினால் அடுத்த தேதி ஆறு மாதம் கழித்துத்தான். பன்னிரண்டு வருடம் அடுத்தவன் பள்ளியில் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு, சொந்தப் பள்ளி தொடங்க அந்த ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஷெட்டில் கேட்டபோது அத்தான் பல் குத்திக்கொண்டே, “மூணு வாரம் ஆகும்” என்றார். “அப்ப நானே அடிச்சுக்கறேன்” என்று வந்துவிட்டாள்.

காற்றைக் கொஞ்சமாகக் குடிக்கும் சின்னப் பெயிண்ட் துப்பாக்கி. சீக்கிரம் காயும் பெயிண்ட். தூசி எழும்பாமல் தரையில் தண்ணீர். கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் முக்காடு. முகமூடியை இறுக்கினாள். அட்டையில் அடித்துப் பார்த்தாள். பூ மாதிரி விழுந்தது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு வரியின் பாதிமேல் அடுத்த வரி ஏறும்படி முதல் கதவில் கையை ஓட்டினாள்.

மஞ்சள் படிந்தது. படிந்த வேகத்தில் விலகியது!

கதவெங்கும் குட்டிக் குட்டிக் குழிகள். அம்மை போட்ட முகம்.

அத்தான் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. “மீன்கண்ணு! கைராசி இல்லம்மா உனக்கு. விட்டுடு.”

அவள் குவளையை எடுத்தாள். இன்னும் அடிக்காத பானெட்டில் தண்ணீரை ஊற்றினாள். அது பரவவில்லை. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது.

நேற்றுதான் வண்டி முழுக்க உப்புத்தாள் தேய்த்தாள். அப்போது பரவிய தண்ணீர் இப்போது ஏன் உருள வேண்டும்?

“அத்தான், நேத்து சாயங்காலம் தூசி தட்டித் தர்றேன்னு துடைச்சீங்களே, எந்தத் துணி?”

“தோள்ல கிடந்த துணிதான்.”

“ஷெட்டுல மெழுகு பாலிஷ் போடுற துணி! மெழுகு பட்ட இடத்துல பெயிண்ட் ஒட்டுமா?”

சிரிப்பு பாதியில் நின்றது. முப்பது வருட அனுபவசாலி தன் தோளையே திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“வேணும்னு பண்ணலம்மா... பழக்கதோஷம். தேதியைத் தள்ளி வச்சுக்க. நான் வேணா—”

“தள்ளி நில்லுங்க. அது போதும்.”

குழி விழுந்த கதவைத் தின்னரால் வழித்தெடுத்தாள். பிறகு வண்டி முழுக்க மெழுகு நீக்கும் திரவம். ஈரத்துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறுகையில். ஈரம் காய்வதற்குள் ஒற்றி எடுக்காவிட்டால் மெழுகு இடம் மாறி உட்கார்ந்துவிடும். துணியை நாலு தடவை மாற்றினாள். தண்ணீர் ஊற்றினாள். பரவியது.

கம்ப்ரசர் மூச்சு வாங்கியது; அவளும் வாங்கினாள். கதவு, காத்திருப்பு, கதவு, காத்திருப்பு. பொழுது சாய்வதற்குள் வண்டி முழுசும் மஞ்சள்.

மறுநாள் பத்து மணி. சோதனை அதிகாரி பானெட்டில் விரலை ஓட்டினார்.

“ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கே. எந்த ஷெட்?”

“என் வீடு, சார். விதியில மஞ்சள்னுதானே எழுதியிருக்கு? வழவழன்னு எழுதலையே.”

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கம். இரண்டு பக்கம். புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

“இந்தாங்க,” என்று தன் பேனாவை நீட்டினாள் அவள்.