மூன்று விரல் உப்பு

நாகரிகம் தொடங்கியது தராசு கண்டுபிடிக்கப்பட்ட அன்றுதான். அதற்கு முன்னர் நடந்ததெல்லாம் வெறும் சாப்பாடு. இது நாகேந்திரத்தின் முடிபு. நாகேந்திரம் வைத்தியக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். வெள்ளவத்தையில், ரயில் பாதையையும் கடலையும் பார்த்த வீடொன்றில் அவனும் நானும் கிளறன்ஸும் வாடகைக்கு இருந்தோம். வாடகை கொடுக்காமல் இருந்த நாலாவது ஆள் அவனுடைய பித்தளைத் தராசு.

சனிக்கிழமை மட்டக்குளியில் ஒரு கலியாண வீட்டில் கிளறன்ஸ் இறால் சாப்பிட்டான். ஞாயிறு விடியுமுன் வயிற்றோட்டமும் சத்தியும் பிடித்துக்கொண்டன. பத்து மணிக்குக் கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. கொள்ளுப்பிட்டி டாக்டர் வந்து ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். அது போன வழியே திரும்பி வந்தது. உடம்பில் தண்ணீர் தங்கவேண்டும், ஆறு மணிக்குள் சிறுநீர் போகாவிட்டால் ஆஸ்பத்திரிதான், அதற்குப் பிறகு தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்குச் சமைக்கிற மயிலம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர். புருஷன் இருளப்பன் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறார். அங்கே வெயிலில் சுருண்டு விழுகிறவர்களுக்குக் கொடுப்பது இதுதான் என்று, குழைய வெந்த சோற்றின் கஞ்சித் தண்ணீரைச் செம்பில் வடித்து, ஒரு துண்டு கருப்பட்டி, அரைத் தேசிக்காய்ப் புளி, மூன்று விரலால் அள்ளிய உப்பு எல்லாம் கலக்கிக் கொண்டுவந்தார். நாகேந்திரம் வாசலிலேயே மறித்து உப்பு எவ்வளவு என்று கேட்டான், மூன்று விரல் என்றார்.

“ஆரின்ரை மூண்டு விரல்? உம்மடையோ, என்ரையோ, கவர்னற்றையோ?”

“கலக்குறவுக வெரலு தம்பி.”

செம்பை வாங்கிச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிட்டு, உப்பை நிறுத்துத் தண்ணீரில் கரைக்கும் தன் விஞ்ஞானத்தை ஆரம்பித்தான். கடற்காற்றில் தராசுத் தட்டு ஆடியது, யன்னல்களைச் சாத்தினான். சித்திரை மாதம். கிளறன்ஸிடம் மிஞ்சியிருந்த தண்ணீர் வியர்வையாகப் போகத் தொடங்கியது. பிறகு உப்பு ஈரித்திருப்பது தெரிந்தது, அடுப்பில் வறுத்தான். அது ஆறுவதற்குள் திரும்பவும் ஈரித்தது. இடையில் ரயில் போனால் முள் நடுங்கும், முதலிலிருந்து நிறுக்கவேண்டும். அன்றைக்கு ரயில்கள் எல்லாம் நேரத்துக்குப் போயின.

மயிலம்மாவுக்கு ஞாயிறு அரை நாள். மிச்சக் கஞ்சித் தண்ணீரை மூடிவைத்துவிட்டு, போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்:

“கரண்டி கரண்டியாத்தான் தம்பி. கக்கினாலும் விடாதீங்க.”

இரண்டு மணிக்கு நாகேந்திரத்தின் தண்ணீர் தயாரானது. ஓர் இம்மி கூடவில்லை, குறையவில்லை. கிளாஸ் நிறையக் கொடுத்தான். கிளறன்ஸ் மரியாதையுள்ளவன், முழுவதையும் குடித்தான். பிறகு முழுவதையும் நாகேந்திரம் கணக்குகள் எழுதியிருந்த கொப்பியின் மேல் சத்தி எடுத்தான்.

“மச்சான், எனக்கு இனி ஏலாது.”

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன் கிளறன்ஸ். இதில் பகிடி இருக்கவில்லை. நாகேந்திரம் சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டான்.

நான் யன்னல்களைத் திறந்துவிட்டுக் குசினிக்குப் போய் மயிலம்மா கலக்கியபடி கலக்கினேன். உப்பு அள்ளிய என் விரல்களை நாகேந்திரம் தரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தான். ஒரு கரண்டி. இருபது எண்ணுவது. இன்னொரு கரண்டி. மூன்றாவதைக் கிளறன்ஸ் கக்கினான், நாலாவதைக் கொடுத்தேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் இதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணித்தியாலம் கரண்டி பல்லில் தட்டுகிற சத்தம்தான். எண்ணிக்கொண்டே நான் இரண்டு தரம் தூங்கிவிட்டேன். எழும்பியபோது கரண்டி கையில் அப்படியே இருந்தது.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கிளறன்ஸ் மூத்திரச் சட்டியைக் கேட்டான். அரைக் கோப்பை வந்திருக்கும், பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில். வெளியே வெள்ளவத்தைக் கடலில் சூரியன் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. ஆனால் விடியும் வரைக்கும் கொடுக்கவேண்டும், செம்போ காலி. என் கை எழும்பவில்லை. நாகேந்திரம் செம்பை எடுத்துக்கொண்டு, மேசையில் இருந்த தராசைச் சுற்றிப் போனான். குசினிக் கதவு திறந்துதான் கிடந்தது. கஞ்சித் தண்ணீரை வார்த்தான், கருப்பட்டியை உடைத்துப் போட்டான், தேசிக்காயைப் பிழிந்தான். என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன், முழுவதும் அல்ல.

உப்புச் சிரட்டைக்குள் மூன்று விரலை விட்டான். அள்ளியதைப் பார்த்தான். கொஞ்சம் திரும்பப் போட்டான். கலக்கி, நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு வந்து, என் கையிலிருந்த கரண்டியை மெதுவாக உருவி எடுத்தான்.