நாற்பத்திரண்டு லேபிள்கள்

சமையலறை அலமாரிகளுக்கு மொத்தம் பதினோரு கதவுகள் இருப்பது லென்ஸ் சாருக்கு அன்று காலையில்தான் தெரியவந்தது. அவருடைய மனைவி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். திறந்த எதையும் மூடவில்லை. பதினொன்றும் வாயைப் பிளந்து நிற்க, நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"கப்பு எங்கங்க? நான்தானே வெச்சேன்..." என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று சிரித்தாள். "விடுங்க. ஒரு நாள் டம்ளர்ல குடிச்சா டீ உள்ள இறங்காதா என்ன?"

அவர் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார். கப்புகள் அவள் முதலில் திறந்த கதவுக்குப் பின்னாலேயே, வழக்கமான இடத்தில், கவிழ்ந்து கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாள்.

லென்ஸ் என்பது ஆலையில் வைத்த பெயர். அட்டைப்பெட்டிகள் அச்சாகும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் தரம் பார்க்கும் வேலை. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சின்ன உருப்பெருக்கி இருக்கும். அச்சாகி வரும் தாளின் மேல் அதை வைத்து அவர் குனிந்தால் எந்திரக்காரர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்து நிற்பார்கள். சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் மொத்த அடுக்கையும் தள்ளச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்களில் பாதிப் பேர் நிம்மதியில்தான் போட்டார்கள் என்று மனைவி கேலி செய்வாள். அவள் வேலை பார்த்தது தபால் நிலையத்தில், கடிதங்களைப் பிரிக்கும் பகுதியில். முகவரி அரைகுறையாக இருந்தாலும், "இது பல் டாக்டருக்கு மேல் மாடி" என்று சொல்லிக்கொண்டே அலமாரியின் சரியான கட்டத்தில் எறிந்துவிடுகிற கை. அந்தக் கைதான் இப்போது கப்பைத் தாண்டிப் போயிருந்தது.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை எழுதினார். வெளியே வந்தபோது அங்கிருந்த நர்ஸ்தான் உருப்படியாக ஒன்று சொன்னாள். "எந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கோ, அதைப் போட்டோ எடுத்துக் கதவுமேலயே ஒட்டிடுங்க சார். கீழ பேரும் எழுதுங்க. இப்பவே ஒட்டினாதான் அம்மாவுக்குக் கண்ணு பழகும். பின்னாடி புதுசா எதையும் பழக்குறது கஷ்டம்."

அன்று சாயங்காலமே அவளை நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டிலுள்ள பொருட்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார் லென்ஸ் சார். அவளும் உற்சாகமாகத்தான் இருந்தாள். "கரண்டியைத் திருப்பி வைங்க, அதோட நல்ல பக்கம் அது இல்ல" என்றாள். குழாய், துண்டு, சீப்பு, மாத்திரை டப்பா, வெளியூரில் இருக்கும் மகளின் பழைய படம், கடைசியில் அவரும். மொத்தம் நாற்பத்திரண்டு. எல்லாம் முடிந்த பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியறப்பவே ஒட்டிடுங்க. அப்புறம் ஒட்டினா, இது என்ன படம்னு அதுக்கு ஒரு ஆளைக் கேக்கணும்."

"ஒரு வாரத்துல ஒட்டிடலாம்" என்றார் அவர்.

வீட்டில் ஒரு பழைய பிரிண்டர் இருந்தது, மகள் படிக்கிற காலத்தில் வாங்கியது. இங்க் தெளித்து அச்சடிக்கிற வகை. கப்பின் படத்தை அதில் அச்சடித்தார். பார்க்க நன்றாகவே வந்தது. ஆனால் அவருக்குச் சோதனை செய்யாமல் இருக்க முடியாதே. விரலை நனைத்துத் தேய்த்தார். கப்பின் கைப்பிடி கரைந்து நீலமாக ஒழுகியது. சமையலறையில் ஈரக் கை படாமல் இருக்குமா? மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"அப்பா, அதுமேல டேப்பை ஒட்டுங்க, போதும். இல்லன்னா பேனாவால எழுதி ஒட்டுங்க. இதுக்குப் போயா இவ்ளோ யோசனை?"

"பண்ணா ஒழுங்காப் பண்ணணும்மா. கலர் லேசர்தான் சரி. அதுல பவுடரைச் சூட்டுல உருக்கிப் பதிய வைக்குது. தண்ணி பட்டாலும் அசையாது."

"அம்மாவைக் கட்டிக்கிறப்போகூட நீங்க இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டீங்க" என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அதன் பிறகு அவர் லேசர் பிரிண்டர் வாங்கக் கடை கடையாக ஏறினார். நாற்பத்திரண்டு படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், பக்கத்தில் உருப்பெருக்கி. ஒரு கடையில் அச்சு நன்றாக இருந்தது, ஆனால் தாள் உள்ளே வளைந்து வளைந்து வெளியே வந்தது. லேபிள் உரிந்து நடுவழியில் ஒட்டிக்கொண்டால் எந்திரமே போய்விடும். இன்னொன்றில் தாள் நேராக வந்தது, ஆனால் துண்டின் பச்சை பாசி மாதிரி இருந்தது. மூன்றாவது கடையில் பொருட்களெல்லாம் கச்சிதம், மகளின் முகம் மட்டும் காய்ச்சல் வந்ததுபோலச் சிவந்திருந்தது. அந்தக் கடைக்காரப் பெண்மணி பொறுமைசாலி. "இதுக்குன்னு தனி லேபிள் தாள் இருக்கு சார். இங்க் பிரிண்டர் லேபிளை மறந்தும் இதுல போட்றாதீங்க, உள்ள இருக்கிற சூட்டுக்கு உருகிடும்" என்று சொல்லிக் கொடுத்தாள். நான்காவது தடவை அவர் வந்தபோது, "சார், முகம் சிவப்பா இருந்தாலும் உங்க பொண்ணை உங்க வீட்டுல தெரியாமப் போயிடுமா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் பென் டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

வீட்டில் அவள் இரண்டு முறை நினைவுபடுத்தினாள். "படம் என்னாச்சுங்க?" "பாத்துட்டிருக்கேன்." மூன்றாவது முறை, "அந்த... ஒட்டுறது என்னாச்சு?" என்று கேட்டாள். 'படம்' என்கிற சொல் அதற்குள் நழுவியிருந்தது. அவர் அதைக் கவனிக்காமலில்லை. "நல்லதா ஒண்ணு அமைய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் இரண்டு மாடல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார்.

அவள் மாத்திரையைச் சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்த வாரம், அவர் எந்த மாடலின் டோனர் பவுடர் அதிகப் பக்கங்களுக்கு வரும் என்று படித்துக்கொண்டிருந்தார். முன்கதவைத் திறந்து வெளியே போனவளைத் தெருமுனையிலிருந்து தபால்காரர் கைப்பிடித்து அழைத்து வந்த அன்றும், மேஜைமேல் ஆறு மாதிரித் தாள்கள் பரப்பிக் கிடந்தன. "எங்க மேடம்தானே, எனக்கே தொழில் கத்துக் கொடுத்தவங்க" என்று தபால்காரர் கண் கலங்கினார். அவரை உட்காரச் சொல்லக்கூட லென்ஸ் சாருக்குத் தோன்றவில்லை. தபால்காரர் போனதும் தாள்களை மறுபடி எடுத்தார். அச்சுப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. அது அவருக்கே அப்போது தெரிந்திருந்ததா என்று கேட்டால், ஓரத்தில் எங்கோ தெரிந்துதான் இருந்தது.

பிரிண்டர் வீட்டுக்கு வந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். உள்ளே பாதுகாப்புக்காக ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறப் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தார். நான்கு டோனர் டப்பாக்களையும் வெளியே எடுத்து ஆட்டி, திரும்பப் பொருத்தினார். முதல் தாளில் கரண்டி அழகாக வந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பிரிண்டரின் அமைப்பில் தாள் வகை என்கிற இடத்தில் சாதாரணத் தாள் என்று இருந்ததைப் பிறகுதான் கவனித்தார். லேபிள் என்று மாற்றினார். பின்பக்கக் கதவைத் திறந்து வைத்தார், தாள் வளையாமல் நேராக வெளியேறட்டும் என்று. எந்திரம் இப்போது நிதானமாக, மூச்சு வாங்குவதுபோல ஓடியது. மகளின் முகத்துக்காக மட்டும் ஏழு முறை நிறத்தைச் சரி செய்தார். ஏழாவது தாள் கைக்கு இளஞ்சூடாக வந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். ஒரு குறை இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு தாள் அவர் கைக்கு வந்ததில்லை. நனைத்துத் தேய்த்தார்; அசையவில்லை. அந்த ஒரு கணம் அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

மதியத்துக்குள் நாற்பத்திரண்டையும், கண்மட்டத்தில், ஓரம் பிசகாமல் ஒட்டி முடித்தார். மகளுடைய படமும் அவருடைய படமும் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே. கீழே கொட்டை எழுத்தில்: உன் மகள். உன் கணவர்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். "பாரு, எல்லாம் ஒட்டியாச்சு."

அவள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கப்பு இருந்த கதவுக்குப் பக்கத்தில் போய், படத்திலிருந்த கப்பின் கைப்பிடியை இரண்டு விரலால் பிடிக்கப் பார்த்தாள். விரல் வழுக்கியது. இன்னொரு முறை பிடிக்கப் பார்த்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு, அவரிடம் திரும்பி, மரியாதையாகச் சொன்னாள்: "ரொம்ப நல்லா இருக்குங்க. இது யார் வீடு?"

அவர் கதவைத் திறந்து உள்ளேயிருந்த கப்பைக் காட்டினார். மூடினார். திறந்தார். "இது உள்ள இருக்கு. அதோட படம் வெளிய. இங்க பாரு." அவள் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். எதிரேயிருந்த படத்தைக் காட்டி, "இது யாரு, சொல்லு பாக்கலாம்?" என்றார். கேட்டிருக்கக் கூடாது. அவள் வெகு நேரம் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம் அந்தக் கண்களில் வந்ததைப் பார்த்ததும், "சரி சரி, வா, உக்காரு" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஒட்டிட்டீங்களாப்பா? அம்மா என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னா."

"அப்பாடா."

"நீ அன்னிக்கே பேனாவால எழுதி ஒட்டச் சொன்னியேம்மா. அவளும் சொன்னா. தெரியறப்பவே ஒட்டுங்கன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னா. நான்தான் கலர் பாத்துட்டிருந்தேன்."

"டாக்டர்தான் சொன்னாரே, எப்படியும் இது..." என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை. "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

"அஞ்சு மாசம் கிடைச்சிருக்கும்மா. அஞ்சு மாசம் அவளே போய்க் கப்பு எடுத்திருப்பா" என்றார். மகள் அழுவது கேட்டது. அவரால் அவளைத் தேற்ற முடியவில்லை.

அவர் போனை வைத்துவிட்டு வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். ஒரு லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே உரித்தவை இடது உள்ளங்கையிலும் புறங்கையிலும் ஒட்டியிருந்தன. அந்த விரல்களுக்கு அப்படி ஒரு நிதானம், கடிதம் பிரித்த காலத்துப் பதம். 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். அவள் அவரைப் பார்த்ததும் முகம் தெளிந்தாள். வைக்க ஓர் இடம் கிடைத்தது போல. உரித்ததை அவருடைய சட்டைக்கையில் வைத்து, நான்கு மூலையும் படியும்படி அழுத்தித் தடவினாள். அடுத்ததை உரிக்கப் போனாள்.

கரண்டி வந்தது. துண்டு வந்தது. குழாய், சீப்பு, மகள். அவர் கையில் முழங்கைக்கு மேலேயும் இடமில்லாமல் போனதும், அவள் கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு யோசித்து நின்றாள். லென்ஸ் சார் மறு கையை மெல்ல அவளுக்கு முன்னால் நீட்டினார்.