தொண்டையில் நின்ற இரைப்பை

தேனாம்பேட்டையில், அண்ணா சாலை பஸ் சத்தம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு சந்தில் அந்தத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவர் அஸ்மத்துன்னிசா. பிள்ளைகளுக்கு அஸ்மத் மிஸ். நாமும் அப்படியே கூப்பிடுவோம், செல்லங்களா.

பள்ளிக்கு ஒரே ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. பெரிய டிவி மாதிரி இருக்கும்; விரலால் இழுத்தால் படம் நகரும். அதைக் கேட்டு வாங்கித் தன் வகுப்பில் மாட்டினார் மிஸ். கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போய், பாடத்துக்கான படங்களைத் தானே செய்யவும் கற்றுக்கொண்டார்.

கல்வி அலுவலர் மகேஷுக்கோ ஒரு கோபம். போகிற பள்ளியில் எல்லாம் போர்டு துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறதாம். அதனால் சொல்லிவிட்டார்: வந்து பார்ப்பேன்; பாடம் நடந்தால் போர்டு இங்கே இருக்கும், இல்லாவிட்டால் மதியமே வண்டியில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் அவரும் தலைமையாசிரியை சந்திரிகாவும் உட்கார்ந்தார்கள்.

பாடம் செரிமானம். போர்டில் ஒரு மனித உடம்பு. பக்கத்தில் உதிரியாக இரைப்பை, கல்லீரல், குடல். எதை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் இழுத்து வைக்க வேண்டும். தூபா என்ற சிறுமி இரைப்பையை மேலிருந்து இழுத்தாள். பாதி வழியில் நின்றுவிட்டது.

"மிஸ், இரைப்பை தொண்டையிலயே மாட்டிக்கினு கீது!"

"வாந்தி எடுக்கப் போவுது, தள்ளு தள்ளு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

மிஸ் இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. அணைத்துப் போட்டார். அதே கதை.

மகேஷ் எழுந்துவிட்டார். "பழக்கம் இல்லன்னா பரவால்ல மேடம். ஏதாவது வீடியோ போட்டு முடிச்சிடுங்க. மதியம் வண்டி வருது."

வீடியோ ஓடும்தான். நம்மில் பலர் அதைப் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்திருப்போம். ஆனால் மிஸ் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"கண்ணுங்களா, போர்டுக்கு உடம்பு சரியில்ல. எங்க வலிக்குதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஒவ்வொருத்தரா வந்து மேலேருந்து கீழ ஒரு கோடு போடுங்க. சார், ரெண்டு நிமிஷம் உக்காருங்க."

கோடுகள் விழுந்தன. கோணலாக, நேராக, பாம்பாக. எல்லாம் ஒரே உயரத்தில் அறுந்தன.

"எல்லாக் கோடும் கழுத்தாண்டயே ஒடியுது மிஸ்!" என்றாள் தூபா.

"சபாஷ். இப்போ சொல்லுங்க, இதுக்கு கண்ணே இல்லியே, நம்ம விரல எப்படிப் பாக்குது?"

மிஸ் போர்டின் ரிமோட்டைப் பிள்ளைகள் பக்கம் காட்டி அழுத்தினார். "வெளிச்சம் தெரியுதா?"

"இல்ல மிஸ்!"

தன் செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்தார். அந்தப் படம் போர்டிலேயே பெரிதாகத் தெரியும்படி இணைத்தார். மறுபடி அழுத்தினார். ரிமோட்டின் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கியது. வகுப்பு 'ஓ'வென்று கத்தியது.

"நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். கேமராவுக்குத் தெரியும். போர்டோட சட்டத்துலயும் இதே வெளிச்சம் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் ஓடிட்டே இருக்கு. விரல் குறுக்க வந்தா மறையும். எங்க மறையுதுன்னு பாத்து போர்டு கணக்குப் போடும்."

விளக்கை அணைக்கச் சொன்னார். கேமராவைச் சட்டத்தின் இடது பக்கத்தில் மெல்ல இறக்கினார். மங்கலாக ஊதா மணிகள், கோத்த மாதிரி ஒன்றன் கீழ் ஒன்று. கழுத்து உயரத்துக்கு வந்ததும் இருட்டு.

"அங்க மிஸ்! அங்கதான்!"

விளக்கைப் போட்டார்கள். அந்த இடத்தில் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜையில் வைத்தது. மணி, பீரோ, ஃபேன் ஸ்விட்ச் என்று பள்ளி முழுக்கப் பொட்டு இருந்ததால் ஒருவர் கண்ணையும் அது உறுத்தவில்லை.

"ஐயோ, நான்தான் வெச்சேன்!" சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க மட்டுமா மேடம்? கிண்ணத்தப் புடிச்சிக்கிட்டு, 'இந்தப் பக்கம் விட்டுப்போச்சு'ன்னு காட்டிக் குடுத்ததே நான்தானே!" என்றார் மிஸ்.

ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தார்கள். தூபா விரலை வைத்தாள். இரைப்பை தொண்டையைக் கடந்து, நெஞ்சைக் கடந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கைதட்டல் சந்து வரைக்கும் கேட்டிருக்கும்.

மகேஷ் முன்னால் வந்தார். ரிமோட்டை வாங்கிக் கேமராவுக்கு நேராகத் தானே அழுத்திப் பார்த்தார். "அட!" என்றார், ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரியே. பிறகு போனை எடுத்தார். "வண்டிய அனுப்பாதீங்க. போர்டு இங்கதான் இருக்கும்."

போனை வைத்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்தார். "அடுத்த பயிற்சியில மத்த டீச்சர்ஸுக்கு நீங்கதான் மேடம் பேசணும்."

"பேச மாட்டேன் சார்," என்றார் அஸ்மத் மிஸ். "செய்ய வெப்பேன். எல்லாரும் வரட்டும். வீடியோ போடறவங்களுக்கு மட்டும் டீ கிடையாது."