தலைவர் இல்லாத கைதட்டல்

யக்ஞநாராயணனுக்கு அன்றைக்கு டாக்டர் பட்டம் கிடைக்காவிட்டால் அப்புறம் கிடைக்கவே கிடைக்காது. பல்கலைக்கழகம் தவணைக்கு மேல் தவணை கொடுத்துக் களைத்துப்போய், இதுதான் கடைசி என்று எழுதிவிட்டது. மைத்துனன் ஸ்ரீநிவாசனோ அவசரக்காரன். பெருங்களத்தூர் வீட்டு வாசலுக்கு ‘டாக்டர்’ போட்ட பெயர்ப்பலகையை முன்கூட்டியே செய்து அனுப்பிவிட்டான். அது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றது. பெருக்கும்போதெல்லாம் மனைவி நாகலக்ஷ்மி அதை நகர்த்தி வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு நிற்பதற்காகவாவது மனுஷன் தேறியாக வேண்டும்.

தாம்பரத்தில் அவர் கணக்கு வாத்தியாராக இருந்த கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில்தான் வாய்மொழித் தேர்வு. தொண்ணூற்றிரண்டாம் வருஷம், மே மாத வெயில். கேள்வி கேட்கப் பெங்களூரிலிருந்து பேராசிரியை அபிதகுஜாம்பாள் வந்திருந்தார். பார்வையாளர்களாகத் துறை ஆசிரியர்கள் எல்லாரும். முன்வரிசை நடுவில் துறைத்தலைவர் சத்தியநாதன்.

ஆராய்ச்சியின் தலைப்பைக் கேட்டால்தான் பயம். விஷயம் இவ்வளவுதான்: மூளையில் ஒவ்வொரு நரம்பணுவும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டே வரும். ஓர் அளவைத் தாண்டியதும் படாரென்று வெடித்துவிட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பக்கத்து அணு வெடித்தால் இதற்கும் ஒரு தள்ளு விழும். ஆளுக்கொரு நேரத்தில் வெடித்துக்கொண்டிருந்தவை, இப்படித் தள்ளித் தள்ளியே கடைசியில் ஒன்றாக வெடிக்கும். இதைச் சமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுவதில்தான் நம்மவரின் தலைமுடி போயிற்று.

“இதுல தலைவன்னு யாரும் கிடையாது. அதுதான் விசேஷம்” என்று சொல்லி அவர் விசையைத் தட்டினார். திரையில் புள்ளிகள் மூலைக்கொன்றாக மினுங்கின. அவை ஒன்றுசேரப் பார்க்கும் சமயம், கம்ப்யூட்டர், மின்விசிறி, விளக்கு எல்லாம் ஒன்றாக அணைந்தன.

லேப் உதவியாளர் சிட்டிபாபு வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தார். “டிரான்ஸ்பார்மர் பூட்ச்சு சார். கரெண்ட் வர சாயங்காலம் ஆவும்னு சொல்லிகினு கீறாங்கோ.”

அபிதகுஜாம்பாள் கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கு ட்ரெயின் இருக்கு சார். பேப்பர்ல எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஓடறதைக் கண்ணால பார்க்காம நான் கையெழுத்துப் போடறதில்லை.”

யக்ஞநாராயணன் அணைந்த திரையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். அந்தத் தவிப்பில் ஒரு யோசனையும் வந்து தொலைத்தது.

“மேடம், இங்க இருக்கிறவாளே நரம்பணுக்களா இருக்கட்டும்! எல்லாரும் மனசுக்குள்ள அவங்கவங்க வேகத்துல எண்ணணும். பத்து வந்ததும் ஒரு தட்டு. திரும்ப ஒண்ணுலேர்ந்து. நடுவுல பக்கத்துல கைதட்டல் கேட்டா ரெண்டு எண்ணிக்கை தாண்டிடணும். கொஞ்ச நேரத்துல தானா எல்லாரும் சேர்ந்து தட்டுவோம், பாருங்கோ.”

ஆரம்பித்தார்கள். ஒரு தட்டுகூட விழவில்லை.

பாவம், அவர் ஒன்றை மறந்துவிட்டார். அந்தத் துறையில் சத்தியநாதன் டீ டம்ளரைத் தொடாமல் யாரும் தொடுவதில்லை. அவர் சிரிக்காத ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை. எல்லாரும் பத்தைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள், கண் மட்டும் முன்வரிசையில். சத்தியநாதனோ, வந்த விருந்தாளியை முந்திக்கொண்டு தான் தட்டுவது மரியாதையா என்று காத்திருந்தார். கடைசியில் பொறுமையிழந்து பட்டும் படாமலும் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான், அறை முழுக்க ஒரே தட்டாகத் தட்டிவிட்டு, அவரோடு நின்றது.

“சேர்ந்துதான் தட்டறாங்க” என்றார் அபிதகுஜாம்பாள். “ஆனா தலைவன் கிடையாதுன்னு சொன்னீங்களே?”

யக்ஞநாராயணன் சத்தியநாதனைக் கெஞ்சி, ஆட்டத்திலிருந்து விலக்கி, மேடம் பக்கத்தில் உட்காரவைத்தார். உடனே எல்லார் கண்ணும் அடுத்த சீனியர் ராஜகோபாலனிடம் போயிற்று. அவரையும் நகர்த்தினால் எங்கே போகும் என்று யக்ஞநாராயணனுக்குத் தெரியும். இப்படியே போனால் கடைசியில் சிட்டிபாபு மட்டும் மிஞ்சுவார். அவரும் கேட் வாட்ச்மேனைப் பார்ப்பார். யக்ஞநாராயணனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எழுதிய சமன்பாட்டில் மரியாதையைச் சேர்க்கத் தோன்றவில்லையே!

பார்ப்பதால்தானே இந்த வினை?

“சிட்டிபாபு, ஜன்னல் கதவு எல்லாத்தையும் சாத்து! கறுப்புத் திரையையும் இழுத்து விடு!”

“வெந்து பூடுவோம் சார்!”

“சாத்துப்பா! சார், நீங்களும் பழைய இடத்துக்கே வந்துடுங்கோ.”

கும்மிருட்டு. யார் எங்கே என்று தெரியவில்லை. ஒரு மூலையில் கூச்சத்தோடு ஒரு தட்டு. பின்வரிசையில் ஒன்று. அப்புறம் கடுகு வெடிப்பதுபோல் அங்கங்கே. வியர்வை ஒழுக யக்ஞநாராயணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சிதறல் இரண்டு கூட்டமாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று துரத்தின. பிறகு ஒரு பெரிய தட்டு. இடைவெளி. மறுபடி அதே பெரிய தட்டு. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“போதும்! ரொம்ப நன்றி!” என்றார்.

நிற்கவில்லை. எப்போது நிறுத்துவது என்று விதியில் அவர் எழுதவே இல்லை.

“நிறுத்துங்கய்யா! நான் சொல்றேன், ஸ்டாப்!” இது சத்தியநாதனின் குரல். அந்தக் குரலுக்கு மாணவர் ஊர்வலமே நின்றிருக்கிறது. தட்டல் நிற்கவில்லை.

சிட்டிபாபு திரையை விலக்கினார். வெளிச்சத்தில் சத்தியநாதன் எழுந்து நின்று, “ஸ்டாப், ஸ்டாப்” என்று கத்தியபடியே அறையோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

அபிதகுஜாம்பாள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அடுத்த தட்டுக்கு நேரமாகிவிட்டதால் அதை வாயில் கவ்விக்கொண்டார்.