டிக் செய்யாமல் விட்ட கட்டம்

அக்காவின் கணினி முன்னால் உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்திலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் எதையோ தேடுகிறவனைப் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பென்குயின், சத்தத்தையே காணோம்? பெட்டி உன்னை முழுங்கிடுச்சா?" என்றார் அத்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பெருமையை அவன் எந்நேரமும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதால், அதன் சின்னமான பென்குயினையே அவனுக்குப் பட்டப்பெயராக வைத்தவர் அவர்தான்.

"பார்த்துட்டிருக்கேன் அத்தான்."

அக்கா ஒரு மருத்துவமனைக்காக வீட்டிலிருந்தே தட்டச்சு செய்பவள். நோயாளியைப் பார்த்த கையோடு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகள் ஒலிக்கோப்புகளாக அவளுக்கு வரும். அவள் கேட்டுக் கேட்டு அறிக்கையாக அடித்து அனுப்புவாள். கணினி நத்தையாக ஊர்கிறதென்று அவள் புலம்பியபோது, போன ஞாயிற்றுக்கிழமை அவனாகவே வந்து, இருந்ததை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு லினக்ஸ் போட்டான். வைரஸ் வராது, யாருக்கும் அடிமையில்லை என்று வாய் கிழியப் பேசினான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என் ஆடியோவெல்லாம் ஓடுமாடா?"

"பிச்சுக்கிட்டு ஓடும்."

லினக்ஸை நிறுவும்போது ஒரு திரை வரும். கூடுதல் ஒலி, ஒளி வடிவங்களைத் திறக்கும் மென்பொருளும் வேண்டுமா என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அவன் அதை எப்போதுமே காலியாக விடுவான். அதில் வருபவை யாரும் திறந்து மாற்றிக்கொள்ளக்கூடிய, முழுக்கச் சுதந்திரமான மென்பொருள்கள் அல்ல என்பது அவன் வாதம். அந்தக் கட்டத்தை டிக் செய்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று இணையத்தில் எழுதியும் இருக்கிறான். தன் கணினியில் தேவையானதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொள்வான். அக்காவுக்கும் அப்படிச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தான், பாடியது. மருத்துவமனைக் கோப்புகள் வேறு வடிவம் என்பதை அவன் பார்க்கவேயில்லை. 'உபயோகமான நிரல்கள்' என்று அவளுக்கு அவன் போட்டுக் கொடுத்தவை நிரல் எழுதும் எடிட்டர்கள் மூன்றும், கணினியின் சூட்டை வரைபடமாகக் காட்டும் கருவி ஒன்றும்.

இப்போது கட்டளைத் திரையைத் திறந்து இரண்டு வரி அடித்தான். விட்டுப்போனவை இறங்கின. பேச்சை மெதுவாக்கவும், ஒரு விசையைத் தட்டினால் ஐந்து வினாடி பின்னால் போகவும் வழியுள்ள ஒரு பிளேயரையும் போட்டான். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம். கோப்பைத் திறந்ததும் ஒரு டாக்டர் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள் அக்கா. "அய்யோ, பேசுதே! என்னடா பண்ணின?"

"ஒண்ணுமில்லக்கா. சின்ன விஷயம்."

"நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். கோப்பை மூணு தடவை திருப்பி அனுப்பச் சொன்னேன். அப்புறம் போன்ல போட்டு, ஒரு கையால நிறுத்தி நிறுத்தி, இன்னொரு கையால அடிச்சேன். விடிஞ்சு பார்த்தா பாதிகூட முடியல."

"முதல்லயே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "திட்டுவியோன்னு பயம். அன்னிக்கு எதையோ கேட்டதுக்கு, திரையில எழுதியிருக்கிறதப் படிக்கவே மாட்டியான்னு எரிஞ்சு விழுந்தியே."

அவனுக்குக் காது மடல்கள் சுட்டன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"மேற்பார்வையாளர் அம்மா," என்று கிசுகிசுத்தாள். "என்னை வச்சுக்கறதா வேண்டாமான்னு இன்னிக்கு சொல்றேன்னாங்க."

நின்றுகொண்டே பேசினாள். "ஆமாங்க மேடம்... என் தப்புதான். எனக்குத்தான் கம்ப்யூட்டர் சரியாத் தெரியல... தம்பி வந்து சரி பண்ணிக் கொடுத்துட்டான். அவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

அவன் எழுந்து போனை வாங்கியிருக்கலாம். ஒரு கை தூரம்தான். சுட்டியைப் பிடித்தபடி, ஏற்கெனவே நிறுவி முடிந்த வரிகளை மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

அவள் போனை வைத்தபோது முகம் வாடியிருந்தது. "பாதி டாக்டர்களை வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டாங்களாம். மிச்சத்துல எப்படிச் செய்யறேன்னு ஒரு மாசம் பார்ப்பாங்களாம்." பிறகு அவன் தோளைத் தட்டினாள். "நீ மட்டும் வரலேன்னா அதுவும் போயிருக்கும்."

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான். கட்டத்தை, அதை ஏன் விட்டான் என்பதை, அவளுடைய கோப்பு ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் தான் கிளம்பிப் போனதை. அத்தான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வழக்கமான கிண்டல் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கிண்டலாவது வந்திருக்கலாம்.



"அதை டிக் பண்ணியிருந்தா இவ்வளவும் வந்திருக்காதா?" என்றாள் அக்கா.

"வந்திருக்காது."

"நான் பேசிட்டிருந்தப்பவே உனக்குத் தெரியும்."

அவன் தலையசைத்தான். அவள் திட்டவில்லை. மேற்பார்வையாளரின் எண்ணை அழுத்திப் போனை அவன் கையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றது போன்.

"நான் அவங்க தம்பி, மேடம்." மிச்சத்தைத் திக்கித் திக்கிச் சொன்னான். கோப்புகள் கெடவேயில்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது, அக்கா ஒன்றும் செய்யவில்லை என்றான்.

"சரி. வேற ஆளுக்குக் கொடுத்ததை நாளைக்கே திருப்பி அவங்களுக்கு மாத்திடறேன்," என்றது குரல். "இதுக்கு முன்னாடி அவங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தாங்களே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அக்காவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன.

"பக்கத்துலதான் மேடம்," என்றான்.