ரிஷி வயலில் ஒரு செம்புத் தண்ணீர்

வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் வந்த பண்ணையார் வைத்தியலிங்கத்தைக் கண்டதும் உத்திராபதி மண்வெட்டியைக் கீழே வைத்தான். அறுவடைக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதர். அவர் பின்னால் காவி போர்த்திய பிக்கு ஒருவர், சிலோன்காரர்கள் நாலு பேர், நாகப்பட்டினத்திலிருந்து அவர்களை வாடகைக் காரில் ஏற்றிவந்த யூனுஸ். புத்தர் இருக்கும் இடமெல்லாம் தேடித் தேடிப் போகிற யாத்திரையாம்.

வயல் மூலையில் இடுப்பளவு மண்ணில் புதைந்து உட்கார்ந்திருக்கும் கற்சிலை புத்தர் என்பது குடவாசல் பக்கத்தில் யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. அவர்களுக்கு அவர் ரிஷி. விதை விடும் நாளில் ஒரு கைச் சேற்றை அவர் மார்பில் அப்பிவிட்டுத்தான் நாற்றங்காலில் இறங்குவார்கள். இதற்காகவா கடல் தாண்டி வருவார்கள் என்று உத்திராபதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. வெள்ளிக்கிழமை குத்தகைப் பதிவு விசாரணை. புதுச் சட்டப்படி உழுகிறவன் பெயரை ஏட்டில் ஏற்றுவார்களாம். எட்டு வருஷம் உழுதும் அவன் கையில் ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது. பண்ணையாரோ, எல்லாம் சொந்தச் சாகுபடி, குத்தகைக்காரன் என்று எவனுமில்லை என்று மனுக் கொடுத்துவிட்டார்.

வந்தவர்கள் பூ வைத்தார்கள். பிக்கு ஒரு தட்டில் கிண்ணத்தை வைத்து, நிலத்துக்காரர் என்ற மரியாதைக்குத் தண்ணீர்ச் செம்பைப் பண்ணையார் கையில் கொடுத்து மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். பண்ணையார் பயபக்தியோடு ஊற்றினார்.

உத்திராபதி அந்தத் தண்ணீரையே பார்த்தான். பூமிதானத்தைத் தாரை வார்த்துத்தானே கொடுப்பார்கள்! நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பாதி நிலத்தைக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிவைத்த மகராசன், மிச்சத்தைச் சிலோனுக்குத் தத்தம் பண்ணுகிறார். சேற்றுக் கையோடு ஓடிப்போய்ச் செம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எட்டு வருஷமா நான் உழுவுற நெலம்ங்க! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம தாரை வாக்குறீங்களே, நாயமா?"

மந்திரம் நின்றது. யூனுஸ் பதறிப்போய், "அண்ணே, இது நெலத்துக்கு இல்லண்ணே" என்றான். "செத்துப்போனவங்களுக்கு. யாத்திரை வந்த புண்ணியத்துல அவங்களுக்கும் பங்கு குடுக்குறாங்க. கிண்ணம் நெறஞ்சு வழியணும், அவ்வளவுதான்."

உத்திராபதியை வெட்கம் பிடுங்கித் தின்றது. பண்ணையார் வாய்விட்டுச் சிரித்தார்.

"பைத்தியக்காரா! நீ உழுவுற நெலத்த ஒன்னக் கேக்காம யாருக்குடா குடுப்பேன்?" விருந்தாளிகள் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார்: "எட்டு வருஷமா இவன்தாங்க சாகுபடி. ரிஷியப் பாத்துக்கறதும் இவன்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

உத்திராபதி செம்பை விடவில்லை.

"இதையே வெள்ளிக்கெழம அதிகாரிகிட்டயும் சொல்லுவீங்களாங்க?"

பிக்குவுக்குத் தமிழ் தெரியாது. இவனுக்கும் செத்தவர்கள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். கனிவாகத் தலையசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார். இரண்டு பேர் பிடித்திருந்த செம்பு சாய்ந்தது. கிண்ணம் நிறைந்தது, தட்டு நிறைந்தது, தண்ணீர் வரப்பில் வழிந்து வயலுக்குள் இறங்கியது. பண்ணையார் செம்பைத் தன் பக்கம் மெல்ல இழுத்துப் பார்த்தார். சேற்று விரல்கள் அசைந்து கொடுக்கவில்லை.