மூட முடியாத தேன்கேக் பெட்டி

1

இந்தக் கதை, யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் ஒன்றின் மத்தியானம், ஜெருசலேமில், பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக எனக்குக் கிடைத்தது. சப்பாத்தில் எழுதக்கூடாது. வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து சப்பாத் முடியும்வரை தலைக்குள்ளேயே வைத்திருந்தேன். பாதி பறந்துவிட்டது. மீதி இது.

2

தொடக்கம்: ‘மனிதனுக்கு முன்பே ஈ படைக்கப்பட்டது, ஆகவே...’

ஆகவே என்ன? வேண்டாம்.

மறுபடி: ஹிண்டா தேன்கேக் பெட்டியை மூடப் போனாள். உள்ளே ஒரு ஈ.

இது போதும். நாலு மணிக்குக் கித்தல் வருகிறாள். அவள் மகனை ஹிண்டாவின் மகள் ரைசல் இரண்டு முறை பார்த்துப் பேசியாயிற்று, பிடித்தும்விட்டது. இனி கித்தலுக்கு வீடு பிடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு வீடுகளைத் தள்ளியவள்: ஒன்றில் மேசைவிரிப்பில் கறை, மற்றதில் சப்பாத் சட்டத்தில் அலட்சியம்.

மணி மூன்றே முக்கால்.

3

“மூடாதே!” கணவன் ஸல்மன் அலறினான். “மூடினா ஈயைப் பிடிச்சதாயிடும். சப்பாத்துல உயிரைப் பிடிக்கக் கூடாது.”

“நான் என்னங்க வேட்டைக்கா போறேன்? கேக்கை மூடறேன்!”

“மூடறது கேக்கை. மாட்டறது ஈ.”

“அப்போ ஒரே அடியா அடிச்சுடவா?”

“அது இன்னும் மோசம்.”

“மருந்து?”

“அடிக்கலாம். ஜன்னலைத் திறந்துவெச்சு, ஈ மேல படாம.”

“ஈ மேல படாம கேக் மேல அடிக்கணும். சம்பந்தியம்மா ஒரே வாயில போய்ச் சேர்ந்துடுவாங்க.”

ரைசல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள். “அம்மா, ஈயும் என்னைப் பொண்ணு பார்க்கத்தான் வந்திருக்கும்மா!”

“வாயை மூடுடி!”

“வாய்க்குள்ள ஈ இருக்கான்னு பார்த்துட்டு மூடறேன்.”

(முதல் பிரதியில் ரைசலை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். சுவர் வழியாக வந்தது சிரிப்புதான்.)

விரட்டத் தடையில்லை. மூவரும் குனிந்து ஊதினார்கள். ஈ எழுந்து, விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி, அதே பாதாம்பருப்பின்மேல் உட்கார்ந்தது.

கதவு தட்டப்பட்டது.*

4

முடிவு அ: கித்தல் ஈயைப் பார்க்கிறாள். முகம் சுளித்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு...

மாட்டேன். ரைசலுக்கு இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முடிவு ஆ: திறந்த மூடியைப் பார்த்து, “சட்டம் தெரிஞ்ச குடும்பம்!” என்று ஹிண்டாவைக் கட்டிக்கொள்கிறாள்.

கேக்கைவிட இது தித்திக்கிறது. நீங்களே நம்பமாட்டீர்கள்.

உண்மையில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான். கதவு திறந்தது. பிறகு கித்தலின் குரல்: “என்ன எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? தள்ளுங்க, நானும் ஊதறேன்.”

நாலு பேர் ஊதும் சத்தம். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் குழந்தை அழுதுவிட்டது.

5

ஈ போயிற்றா, சம்பந்தம் அமைந்ததா என்று கேட்பீர்கள். கதையை இங்கே மூடினால் ஈ உள்ளே மாட்டிக்கொள்ளும். மூடியை ஒரு விரற்கடை தூக்கியே வைத்திருக்கிறேன்.

கிட்டே வாருங்கள். நீங்களும் கொஞ்சம் ஊதுங்கள்

* அழைப்புமணி மின்சாரத்தில் ஓடுவது. சப்பாத்தில் மின்சாரத்தை இயக்கக் கூடாது; கித்தல் அதைத் தொடுவாளா?